ஓர் இளமைக் குரலின் மறுபதிப்பு



மாத்தளைக்கு வடக்கேயுள்ள எமது அலுவிகாரைக் குகைகளிலேதான், கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நாவில் வாழ்ந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பர். கேட்டதைக் கேட்டவாறே காத்தல் பெரிதெனக் கருதும் ஊர் இது. இங்கே இருப்போர்க்கு, 2024 ஒக்ரோபரில் வெளிவந்த ஓர் இசைப்பேழை சில ஐயங்களை எழுப்புதல் இயல்பே.

'குவீன்' என்னும் ஆங்கில றொக் இசைக்குழு 1973 இல் வெளியிட்ட முதற் தொகுதியே 'குவீன் ஒன்று' என்னும் பெயரில் மீண்டும் வந்துள்ளது. அதன் பாடகர் பிரெடி மேர்க்குரி நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1946 இல் சான்சிபாரிலே பார்சிக் குடும்பத்திற் பிறந்து, மராட்டிய மலையூராகிய பஞ்சகனியில் விடுதி மாணவராய்ப் பியானோ பயின்ற பரூக் புல்சாராவே அவர். 1991 இல் மறைந்தார்.

1971 இல் இக்குழுவினரிடம் பணமில்லை. 'டி லேன் லீ' என்னும் புதிய ஒலிப்பதிவுக்கூடத்தினருக்கோ, தம் கருவிகளைச் சோதிக்க உரத்து வாசிப்போர் வேண்டியிருந்தனர். வாசித்ததற்கு ஈடாக ஐந்து பாடல்களைக் குழுவினர் பதிவுசெய்துகொண்டனர். அடுத்த ஆண்டு 'டிரைடன்ட்' கூடத்தில், பிறர் பயன்படுத்தாத வேளைகளில், பெரும்பாலும் இரவிலே, தொகுதி உருவாயிற்று. முரசின் அதிர்வை அடக்கிப் பதிவுசெய்தல் அக்கூடத்தின் வழக்கம். இளைஞர்களுக்கு அது உவப்பாயில்லை. ஆயினும் அவர்கள் சொல் எடுபடவில்லை.

ஐம்பது ஆண்டுகள் கடந்தபின், பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் மேற்பார்வை செய்ய, மூல நாடாக்களிலிருந்து ஒவ்வோர் ஒலியும் புதிதாய்க் கலக்கப்பட்டது. முரசு இப்போது வாய்விட்டு முழங்குகின்றது. அன்று விலக்கப்பட்ட 'மேட் த ஸ்வைன்' என்னும் பாடலும் தன் பழைய இடத்தைப் பெற்றது.

இது தகுமா? மாணவன் முதலாண்டில் எழுதிய கொப்பியை இறுதியாண்டில் அவனே திருத்தியெழுதினால், முதலாண்டுக் கொப்பி எங்கே என்று ஆசிரியர் கேட்பாரன்றோ? எனினும் 1971 ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கேட்டபோது என் ஐயம் ஓரளவு தணிந்தது. அவற்றிலே முரசு அடக்கப்படவில்லை. ஆகவே இந்த விருப்பம் முதுமையில் முளைத்ததன்று. அவர்கள் இளமையிலேயே நாடியது.

குறை வேறோரிடத்தில் உள்ளது. ஆறு குறுந்தட்டுகளும் ஒரு நீள் இசைத்தட்டும் கொண்ட அப்பேழையில், 1973 இல் உலகம் கேட்ட பழைய கலவைக்கு ஒரு தட்டேனும் ஒதுக்கப்படவில்லை. திருத்தியவர்கள் திருத்தப்பட்டதையும் அருகே வைத்திருக்கலாம். பழைய இசைத்தட்டை வைத்திருக்கும் நேயர்கள் அதனை விற்றுவிடாதிருப்பாராக. பேழையை வாங்குவோர் முதலில் இரண்டாம் தட்டிலுள்ள அந்த ஐந்து பாடல்களையும் கேட்டு, அதன்பின் முதலாம் தட்டுக்கு வருதல் நன்று.