பன்னருவாளுக்கு நாமே கூர் ஏற்றலாம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நெல் அறுக்க மெஷின் வந்துவிட்டாலும் நம் கையை விட்டுப் பன்னருவாள் போகவில்லை. கறவை மாட்டுக் கடன் வாங்கிய நாம் தினமும் புல் அறுக்கிறோம். கோ-4 புல், சோளத்தட்டை, வரப்புப் புல் எல்லாமே கையறுப்புதான். பல் மழுங்கிய அருவாளால் அறுத்தால் என்ன ஆகும்? வெடுக்கென்று இழுப்போம். இழுக்கிற வேகத்தில் வழுக்கி, தாளைப் பிடித்திருக்கிற இடது கையில் விழும். விரல் போனால் பத்து நாள் கூலியும் போகும். மணிக்கட்டு வலி வேறு. மழுங்கின அருவாள்தான் ஆபத்து, கூரானது இல்லை.

பட்டறைக்குக் கொண்டுபோக வீட்டு ஆம்பளைக்கு நேரம் வரணும்னு நாம் காத்திருக்கிறோம். பக்கத்தில் பட்டறை இருக்கிற ஊரும் குறைந்துவிட்டது. இதை நாமே செய்யலாம்.

வெயிலில் அருவாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்வாகக் கோடு கோடாக வெட்டியிருக்கும். மறுபக்கம் வழவழப்பாக, தட்டையாக இருக்கும். கோடு உள்ள பக்கத்தைக் கல்லில் தேய்க்கவே கூடாது. துவைகல்லில் இரண்டு பக்கமும் போட்டுத் தேய்த்தால் பல் கரைந்து சாதா அருவாளாகிவிடும். பல் எதற்கு? தாளைக் கவ்வி, நழுவாமல் பிடித்து அறுக்கத்தான்.

ஒரு பலகையில் கோட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி அருவாளை வைத்து, பிடியைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். விளிம்பு நம்மைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும். நனைத்த சாணைக்கல்லைத் தட்டைப் பக்கத்தில் படுக்கையாக வைத்து, அடிப்பக்கத்திலிருந்து நுனிவரை லேசாக ஓட்டுங்கள். அழுத்த வேண்டாம். தட்டைப் பக்கம் தேயத் தேய, பல்லின் முனை தானாகக் கூராகும். கொஞ்ச நேரத்தில் கோட்டுப் பக்கம் பிசிறு எழும். விரலை விளிம்புக்குக் குறுக்கே மெல்ல வைத்தால் சொரசொரவென்று தெரியும். நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிவிடாதீர்கள்!

பிசிறு எழுந்ததும் சின்ன முக்கோண அரத்தை ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு தரம், இரண்டு தரம் தள்ளுங்கள். அரம் தள்ளும்போதுதான் அறுக்கும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அரத்தின் பல்தான் மழுங்கும். பொறுமையான வேலைதான், ஆனால் பூத்தொடுக்கிற கைக்கு இது பெரிய வேலையா? இரும்புத்தூளை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் விழும். துணியால் துடையுங்கள்.

பல்லே தெரியாமல் தேய்ந்துபோயிருந்தால் வீட்டு வேலை உதவாது. கொல்லரிடம் புதிதாகப் பல் வெட்டித்தான் வாங்க வேண்டும். வெல்டிங் கடை மெஷினில் பிடிக்கச் சொல்லாதீர்கள். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும், பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது.

அடுப்படியில் இருக்கிற பல் வைத்த சின்னக் கத்திக்கும் இதே முறைதான். அந்த எவர்சில்வர் கத்தி கெட்டியாக இருந்து அரம் வழுக்கினால், 400 நம்பர் உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி, பள்ளம் வெட்டியிருக்கிற பக்கம் மட்டும் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்க்கலாம். கடைசியில் மறுபக்கத்தை உப்புத்தாளில் படுக்கவைத்து ஒரு தடவை இழுத்தால் பிசிறு போய்விடும். ரொம்ப மலிவான கத்தியாக இருந்தால் நாங்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டோம்.

புல் அறுத்து வந்ததும் அருவாளைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். புல் சாறு பட்டபடி விட்டால் துருவே பல்லைத் தின்றுவிடும்.

ஆளுக்கு ஒரு அரம் வாங்க வேண்டியதில்லை. குழுவுக்கு ஒரு முக்கோண அரமும் ஒரு சாணைக்கல்லும் பொதுவில் வாங்கி, பதிவேட்டில் எழுதி, சுற்றில் விடலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மழுங்கின அருவாளைச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். உட்கார்ந்து செய்தே பார்த்துவிடுவோம்.