ஊர்ச் செவிலியர் கூறும் குறைகள்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குச் சங்கப் பொதுநிதியினின்று நன்கொடை ஒன்று அளித்தல் வேண்டுமெனச் சென்ற கூட்டத்தில் தீர்மானம் ஆயிற்று. மின்விசிறி என்றனர் சிலர். சங்கப் பெயர் பொறித்த சலவைக்கல் இருக்கை என்றனர் வேறு சிலர். கொடுப்பதற்கு முன் பெறுவாரைக் கேட்டல் முறையெனக் கருதி, யாம் அந்நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியரை இருமுறை கண்டு உரையாடினோம். அவ்வம்மையார் கூறியவற்றையே இன்று இவ்வவையின்முன் வைக்கப் புகுகின்றோம்.

செவிலி என்பது பழைய சொல். அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய்க்கு அது பெயர்; தோழியை ஈன்றவளும் அவளே. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு உடனிருந்து தொண்டு செய்வாரையும் ஓர் உறுப்பாக வைத்தார். நாமோ மருத்துவர் வந்தாரா என்று மட்டுமே வினவுகின்றோம். தமிழாசிரியர் வாய் இப்பக்கம் செல்வது இயல்பு, பொறுத்தருள்க.

சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது அரசு வகுத்த அளவு. கருவுற்ற பெண்ணின் பெயரைப் பதிதல், இரத்த அழுத்தம் பார்த்தல், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தல், பிறந்த குழந்தைக்கு 6, 10, 14 ஆம் வாரங்களிலும் பின்னர் 9 ஆம் மாதத்திலும் தடுப்பூசி இடுதல் ஆகியன செவிலியர் கடமை. 1987 இல் தொடங்கி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் வழங்கும் மகப்பேற்று உதவியும் அவர் பதிவினின்றே தொடங்குகின்றது.

அவர் முதற்கண் சொன்னது எமக்கு நாணத்தைத் தந்தது. “ஐயா, விசிறி இரண்டு இருக்கின்றன. சர்க்கரையும் புரதமும் பார்க்கக் கருவுற்ற பெண்ணிடம் சிறுநீர் கேட்கிறேன். அவள் எங்கே போவாள்?” என்றார். கழிப்பறை உண்டு, கதவும் உண்டு. குழாயில் நீர் வந்து நெடுநாள் ஆயிற்று. நிறைமாதப் பெண்கள் பின்புறத்துக் கருவேலம் புதரை நாடுகின்றனர். அதற்கு நாணியே சிலர் பரிசோதனை நாளில் வராது ஒழிகின்றனர். கருவுற்றவளுக்கு இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் காணுதல் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தின் அறிகுறியாகும். அதனைக் காலத்தில் அறியாதிருப்பதற்கு ஒரு குடம் தண்ணீர் இல்லாமையே காரணமாவது கொடிது. இத்தகைய இடத்திலோ நாம் சலவைக்கல் பதிக்க எண்ணினோம்!

அடுத்தது எழுத்துவேலை. ஒரே பெண்ணின் விவரத்தைப் பதிவேட்டில் ஒருமுறையும் கணினியில் மறுமுறையும் ஏற்றுகின்றார். அவர் எழுத்தை வெறுப்பவர் அல்லர். எழுதாவிடின் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி தவறியதென்று அறியலாகாது. ஒருமுறை எழுதினால் போதுமென்றே கேட்கின்றார். வீடுகளுக்குச் செல்லவேண்டிய பிற்பகல்கள் இதில் கழிகின்றனவாம். இது மேலிடத்தார் தீர்க்கவேண்டியது. விண்ணப்பம் எழுதுவதன்றி நம்மால் ஆவது சிறிது.

மூன்றாவது நம்மைப் பற்றியது. வசதியுடைய நம் வீட்டுப் பெண்கள் தனியார் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். செல்லட்டும். ஆயின் செவிலியர் வாயிலில் நின்று கேட்டால், “எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம்” என்று அனுப்பிவிடுகின்றனர். 2019-21 இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மகளிருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தசோகை காணப்பட்டது. அது குடிசையில் மட்டும் வாழும் நோயன்று. சில வீடுகளில் அவரைத் திண்ணையிலேயே நிறுத்தி, எக்குலத்தார் என்று வினவிய பின்னரே பேசுகின்றனராம். இதனை அவர் சொல்லத் தயங்கினார். யாம் வற்புறுத்தியே அறிந்தோம். தெருப்பெயரை அவர் கூறவில்லை. கூறவேண்டியதும் இல்லை, நம் தெருக்கள் இரண்டே. நம் குழந்தைக்கு ஊசியிட வந்தவருக்கு ஒரு குவளை மோர் கொடுக்க இவ்வளவு ஆராய்ச்சி எற்றுக்கு?

நமக்கென ஒரு மருத்துவமனை கட்டலாம் என்று இளைஞர் சிலர் கூறுகின்றனர். அவர் ஆர்வத்தைப் போற்றுகின்றோம், கருத்தை ஏற்கிலோம். கேட்கும் வாயுடையார் ஓரிடத்தை விட்டு நீங்கின், அவ்விடத்துக் குறையைக் கேட்பார் இலர். நம் ஊர்க் குழாய் வறண்டு கிடப்பதும் இதனாலேயே. 2005 இல் தோன்றிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்வழி ஊர்தோறும் சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக் குழு அமைந்தது. அதற்கெனச் சிறு தொகையும் வகுக்கப்பட்டது. அதன் கணக்கைக் கிராமசபையில் எவரும் கேட்கலாம். நம்முள் கேட்டவர் எவர்? கிராமசபைக்குச் சென்றவர்தாம் எத்துணையர்?

ஆதலின் யாம் வேண்டுவது இது: இருக்கைக்கு ஒதுக்கிய தொகையை நீர்த்தொட்டிக்கும் குழாய்க்கும் மாற்றுக. கல்லில் பெயர் வேண்டா. நிலையான நீரிணைப்பை ஊராட்சியே தருதல் வேண்டுமென்று அக்டோபர் 2 ஆம் நாள் கூடும் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவருவோம். வீட்டுக்கு ஒருவரேனும் அங்கு வருக; தாய்மாரும் வருக, புதரின் இடர் அறிந்தவர் அவரே. விண்ணப்பம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். கூட்டம் முடிந்ததும் அவரிடம் கையெழுத்திட்டுச் செல்க.