பெருந்தொற்றுக் கால நிவாரண நிதியும் உள்ளாட்சிகளின் உரிமையும்

(உள்ளாட்சி அமைப்புகளில் பொறுப்பு வகிக்கும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

2020 மார்ச் 24 அன்று இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில், நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலிருந்த கோடிக்கணக்கான குடும்பங்கள் மறுநாள் முதலே வருவாய் இழந்தன. அவர்கள் முதலில் சென்று நின்றது பஞ்சாயத்து அலுவலகத்தின் வாசலில். நகரங்களில் வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில். எந்தப் பணத்தைக் கொண்டு உதவுவது, யார் முடிவு செய்வது, யாருக்குக் கொடுப்பது என்ற மூன்று கேள்விகள் அப்போது எழுந்தன. அடுத்த பேரிடரின்போதும் இதே கேள்விகள் எழும். எனவே அன்றைய அனுபவத்தைத் தொகுத்துப் பார்ப்பது உள்ளாட்சிகளில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கு அவசியமாகிறது.

கடமை கீழே, நிதி மேலே

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 41வது பிரிவு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் நிவாரணம், மறுவாழ்வுப் பணிகளை மேற்கொள்ளும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதிக்கிறது. ஆனால் அதே சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியரே; தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர் மட்டுமே. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து புலம்பெயர் தொழிலாளர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளிக்கலாம் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 28 அன்று அனுமதித்தது. அந்த நிதியும் மாநில நிர்வாகக் குழுவின் பொறுப்பில் உள்ளது. பஞ்சாயத்துத் தலைவர் அதை நேரடியாக எடுத்துச் செலவிட வழியில்லை.

உள்ளாட்சிகளின் கையில் இருந்தது முதன்மையாக நிதிக்குழு மானியமே. 15வது நிதிக்குழு 2020-21ஆம் ஆண்டில் ஊரக உள்ளாட்சிகளுக்கு 60,750 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் பாதி குடிநீருக்கும் சுகாதாரத்திற்கும் என நிபந்தனையோடு கட்டப்பட்டது. எஞ்சிய பாதியை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 83 கோடியாக இருந்த ஊரக மக்களுக்கு வகுத்துப் பார்த்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் தேறுகிறது. சாலை, தெருவிளக்கு உள்ளிட்ட எல்லாத் தேவைகளுக்கும் அந்த ஒரு ரூபாய்தான். இரண்டாவது அலை உச்சத்திலிருந்த 2021 மே மாதத்தில் 25 மாநிலங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 8,923.8 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. கொரோனாவை எதிர்கொள்வதற்கான உதவியாக இது முன்வைக்கப்பட்டது. உண்மையில் இது வழக்கமாக ஜூனில் வரவேண்டிய தவணை. முன்கூட்டி வந்தது, கூடுதலாக வரவில்லை.

இதே காலத்தில் நிதி குவிக்கப்பட்ட திசை வேறு. 2020 மார்ச் 27 அன்று பி.எம். கேர்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதற்கு அளிக்கும் நன்கொடையைப் பெருநிறுவனங்கள் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்குக் காட்டலாம். மாநில முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அளித்தால் அப்படிக் காட்ட இயலாது என்று ஏப்ரல் 10 அன்று ஒன்றிய கம்பெனி விவகார அமைச்சகம் அறிவித்தது. அந்த அறக்கட்டளை தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டதல்ல என்பதே ஒன்றிய அரசின் நிலைபாடு. நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதியும் இரண்டாண்டுகளுக்கு நிறுத்தப்பட்டு, 7,900 கோடி ரூபாய் ஒன்றியத்தின் தொகுப்பு நிதியில் சேர்க்கப்படும் எனக் கூறப்பட்டது. ஒருபுறம் கீழிருந்து மேலே நிதி திரட்டப்பட்டது. மறுபுறம் மேலிருந்து கீழே பொறுப்பு தள்ளப்பட்டது.

கேரளத்தின் அனுபவம்

இதற்கு மாறான பாதையைக் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு மேற்கொண்டது. எவரும் பசியோடு இருக்கக் கூடாது என்ற முடிவுடன், ஊரடங்கின் முதல் வாரத்திலேயே சமுதாய சமையலறைகளைத் திறக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சொந்த நிதியையும் திட்ட நிதியையும் பயன்படுத்த அவற்றுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அரிசியும் காய்கறியும் மக்களிடமிருந்து நன்கொடையாகவும் பெறப்பட்டன. குடும்பஸ்ரீ பெண்கள் சமைத்தனர்; தன்னார்வ இளைஞர்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தனர். சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையலறைகள் இயங்கின. வறியவர்களுக்கு உணவு இலவசம். மற்றவர்களுக்கு 20 ரூபாய்.

நெருக்கடி தணிந்தபின் இந்த ஏற்பாடு கலைந்துவிடவில்லை. 20 ரூபாய்க்குச் சாப்பாடு வழங்கும் ஜனகீய உணவகங்கள் உருவாயின. கட்டடம், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றை உள்ளாட்சி அளித்தது. சாப்பாடு ஒன்றுக்கு 10 ரூபாய் மானியத்தை மாநில அரசு ஏற்றது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும், மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்தளித்த முடிவும், 1998 முதல் வளர்ந்த குடும்பஸ்ரீ அமைப்பும்தான் இதைச் சாத்தியமாக்கின. கால் நூற்றாண்டு அதிகாரப் பரவலாக்கலின் விளைவு அது.

முடிவும் பட்டியலும்

ஒடிசாவில் 2020 ஏப்ரலில் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குத் தத்தம் எல்லைக்குள் மாவட்ட ஆட்சியரின் அதிகாரம் அளிக்கப்பட்டது. கேரளத்தைப் போன்ற கட்டமைப்பு இல்லாத மாநிலங்களிலும் உள்ளாட்சியின் துணையின்றி நிலைமையைச் சமாளிக்க முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது. தமிழ்நாட்டிலோ 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. சென்னை மாநகராட்சியில் பெருந்தொற்றின் முதல் இரண்டு அலைகளின் காலத்தில் மக்கள் கேள்வி கேட்பதற்கு ஒரு கவுன்சிலர்கூட இருக்கவில்லை.

பயனாளிகளின் பட்டியல் வெறும் அலுவலகக் காகிதம் அல்ல. ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருக்க, வேலை செய்யும் ஊரில் பட்டினி கிடந்தவர்கள் புலம்பெயர் தொழிலாளர்கள். வாடகைக் குடித்தனத்தில் இருப்பவர், தனித்து வாழும் பெண், ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட தலித் குடியிருப்பு ஆகியவற்றைத் தலைநகரத்தின் கணினி அறியாது; வார்டு உறுப்பினர் அறிவார். ஆனால் அதே வார்டு உறுப்பினர் சாதியையும் வாக்கையும் பார்த்துப் பெயர் சேர்த்தால் அநீதி இன்னும் அருகிலிருந்து நடக்கும். அதிகாரப் பரவலாக்கலோடு மக்கள் கண்காணிப்பும் சேர்ந்தால்தான் அது ஜனநாயகமாகும். புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சமுதாய சமையலறைகளைப் பெருந்தொற்று நீடிக்கும்வரை நடத்துமாறு 2021 ஜூன் 29 அன்று உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

உடனடிக் கடமைகள்

முதலாவதாக, நிபந்தனையற்ற மானியத்தின் பங்கை உயர்த்தவும், பேரிடர் நிதியில் உள்ளாட்சிகளுக்கு நேரடி ஒதுக்கீடு அளிக்கவும் போராட வேண்டும். 2021-26 காலத்திற்கு நிதிக்குழு நிபந்தனைக்குட்பட்ட பங்கை 60 சதவீதமாக உயர்த்தியது எதிர்த்திசையில் எடுத்துவைத்த அடியாகும்.

இரண்டாவதாக, கட்சி உறுப்பினர்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு மன்றத்திலும் நிவாரணப் பட்டியலும் செலவுக் கணக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கிராம சபையில் அவை வாசிக்கப்பட வேண்டும். விடுபட்டவர்கள் முறையிட நாள் குறிக்க வேண்டும்.

மூன்றாவதாக, பெண்களின் சுய உதவிக் குழுக்கள், விவசாயத் தொழிலாளர், வாலிபர் அமைப்புகள் ஆகியவற்றை வார்டு அளவில் இப்போதே இணைக்க வேண்டும். பேரிடர் வந்தபின் அமைப்பு கட்ட நேரம் இருக்காது.

தோழர்களே, நிவாரணம் ஆட்சியாளர்கள் அளிக்கும் பிச்சை அல்ல. மக்களின் வரிப்பணம் மக்களிடம் திரும்புவது. அது எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை மக்களே கேட்டு, மக்களே சரிபார்க்கும் நிலையை ஒவ்வொரு ஊரிலும் உருவாக்குவது கட்சி அணிகளின் கடமை.