நிறைகோலும் எடைக்கல்லும்: குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டின் எடை

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற தமிழ்ப் பொழிவரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இந்திய ஒன்றியத்தின் குடியரசுத் தலைவர் வெறும் அணிகலப் பதவியினர் என்றும், அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொதுமக்கள் அறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் கருதுவார் பலர். அக்கருத்துப் பிழையானது. 1976 சனவரி 31 அன்று தமிழ்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி கலைக்கப்பட்டது. கலைத்த ஆணையில் இருந்தது குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதின் கையொப்பம். நீட் தேர்விலிருந்து விலக்கு வேண்டித் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பிய சட்டமுன்வரைவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பெற்ற செய்தி 2025 ஏப்பிரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. நடுவண் அமைச்சரவையின் சொற்படியே அவர் கையொப்பமிடுகின்றார் என்பது மெய்யே. ஆயினும், ஒரு மாநிலத்தின் ஆட்சியையும் சட்டத்தையும் நிறுத்தும் ஆணை அவர் பெயராலேயே வெளிவருகின்றது. ஆகவே, அப்பதவிக்கு ஆளைத் தேர்வதில் தமிழ்நாட்டின் குரலுக்கு எவ்வளவு எடை என்று கேட்பது தமிழரின் கடமையாகும்.

குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 54ஆம் உறுப்பின்படி, நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும், சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் கூடிய தேர்வர் குழாமே அவரைத் தேர்கின்றது. அமர்த்தப்பெற்ற உறுப்பினர்க்கு இதில் இடமில்லை. கட்சிக் கொறடாவின் கட்டளையும் இங்குச் செல்லாது.

இனி, அவ்வொப்போலையின் மதிப்பைக் காண்போர் 55ஆம் உறுப்பை நோக்குதல் வேண்டும். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். எச்சம் ஐந்நூற்றுக்குக் குறையாதாயின் ஒன்று கூட்ட வேண்டும். அதுவே அம்மாநிலத்து உறுப்பினர் ஒருவரின் ஒப்போலை மதிப்பு. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. உறுப்பினர் 234 பேர். இக்கணக்கின்படி ஒருவரின் மதிப்பு 176. சங்கரன்கோவில் தொகுதியிலிருந்து சென்னைக் கோட்டைக்குச் சென்று அமரும் உறுப்பினர் 2022 தேர்தலில் இட்ட ஒப்போலையின் எடை இதுவே. அதே தேர்தலில் உத்தரப் பிரதேச உறுப்பினர் ஒருவரின் எடை 208; கேரளத்தவர்க்கு 152; சிக்கிமியர்க்கு 7.

எல்லாச் சட்டமன்றங்களின் மதிப்பையும் கூட்டி, அத்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினரின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மதிப்பு. 2017இல் அது 708. சம்மு காசுமீரம் மாநில நிலையை 2019இல் இழந்தது. அதற்குச் சட்டமன்றம் இல்லாமையால் 2022இல் அம்மதிப்பு 700 ஆகக் குறைந்தது. ஒரு மாநிலத்தின் நிலை மாறினால் கன்னியாகுமரி உறுப்பினரின் ஒப்போலையும் எடை குறைகின்றது என்பதை ஈண்டு உய்த்துணர வேண்டும்.

இத்தகைய எடைக்கணக்கு நெருக்கமான போட்டியில் என்ன செய்யும் என்பதற்கு 1969ஆம் ஆண்டே சான்று.

அவ்வாண்டு மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். பேராயக் கட்சி நீலம் சஞ்சீவ இரெட்டியாரை வேட்பாளராக அறிவித்தது. துணைக் குடியரசுத் தலைவராயிருந்த வி. வி. கிரியார் பதவி விலகித் தனித்து நின்றார். தலைமையமைச்சர் இந்திரா காந்தியார், தம் கட்சியினர் மனச்சான்றின்படி ஒப்போலை இடலாம் என்றார். காமராசர் உள்ளிட்ட கட்சி மூத்தோர் இரெட்டியார் பக்கம் நின்றனர். கலைஞர் மு. கருணாநிதி தலைமையில் தமிழ்நாட்டை ஆண்ட திராவிட முன்னேற்றக் கழகம் கிரியாரை ஆதரித்தது. ஆகவே தமிழ்நாட்டின் இரு பெருந்தலைவர்களும் எதிரெதிர் அணியில் நின்ற தேர்தல் அது. சுதந்திராக் கட்சியும் சனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி. டி. தேசுமுக்கை ஆதரித்தன. வேட்பாளர் மொத்தம் 15 பேர்.

ஆகத்து 16 அன்று தேர்தல் நடந்தது. 20 அன்று எண்ணப்பட்டது. செல்லத்தக்க ஒப்போலைகளின் மொத்த மதிப்பு 8,36,337. அதிற் பாதிக்கு மேல், அஃதாவது 4,18,169 பெறுபவரே வென்றவராவார். முதல் விருப்பின்படி கிரியார் பெற்றது 4,01,515. இரெட்டியார் பெற்றது 3,13,548. தேசுமுக் பெற்றது 1,12,769. முன்னணியில் நின்ற கிரியார்க்கும் வெற்றியளவுக்கும் இடையே 16,654 குறைந்தது. முதல் எண்ணிக்கையில் எவரும் வெல்லவில்லை.

இத்தகைய நிலையில் மறுதேர்தல் கிடையாது. உறுப்பினர் தம் ஒப்போலையில் 1, 2, 3 என விருப்ப வரிசை குறித்திருப்பர். கடைசியில் நிற்கும் வேட்பாளரை நீக்கி, அவர்க்கு வந்த ஒப்போலைகளில் அடுத்த விருப்பம் யாரெனப் பார்த்து, அதே மதிப்புடன் அவரிடம் சேர்ப்பர். அடுத்த விருப்பம் குறியாத ஒப்போலை கணக்கினின்றும் நீங்கும். இவ்வாறு ஒருவர் பின் ஒருவராக நீக்கிக்கொண்டே சென்று, இறுதியில் தேசுமுக்கும் நீக்கப்பட்டார். அவர்தம் ஒப்போலைகளில் பெரும்பாலன இரெட்டியாரிடம் சென்றன. முதல் எண்ணிக்கைக்குப் பின் இரெட்டியார்க்குக் கூடியது 91,879. கிரியார்க்குக் கூடியதோ 18,562 மட்டுமே. எனினும் அச்சிறு கூட்டல் போதியதாயிற்று. முடிவில் கிரியார் 4,20,077, இரெட்டியார் 4,05,427. வெற்றியளவைக் கிரியார் கடந்தது 1,908 மதிப்பால். அத்தேர்தலை எதிர்த்து வழக்கும் தொடுக்கப்பட்டது. பதவியிலிருந்த குடியரசுத் தலைவரே உச்சநயன்மை மன்றத்தில் நேரில் நின்று சான்றுரைத்தார். 1970இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இங்கே தமிழ்நாட்டின் பங்கைக் கணக்கிட்டுக் காண்க. அக்காலத்திற்குரிய 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 144. இருவர்க்கும் இடைப்பட்ட வேறுபாடு 14,650. கிரியார்க்கு ஒப்போலையிட்ட தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினருள் 51 பேர் மட்டும் இரெட்டியார் பக்கம் திரும்பியிருப்பின் 7,344 மதிப்பு ஒருபக்கம் குறைந்து மறுபக்கம் கூடியிருக்கும். அப்போது இரெட்டியார் 4,12,771, கிரியார் 4,12,733. முப்பத்தெட்டால் முடிவு மாறியிருக்கும்! கழகத்திற்கோ அன்று சட்டமன்றத்தில் 130க்கு மேற்பட்ட உறுப்பினர் இருந்தனர். மக்களவையில் 25 பேர் இருந்தனர். தில்லியின் தலைமகனைத் தீர்மானித்த எடை அன்று தமிழ்நாட்டின் கையில் இருந்தது.

அவ்வெடை இருந்தமையால்தான் அக்குரல் செவியேறியது. எடை குறைந்தால் குரல் எவ்வளவு உரத்து ஒலிப்பினும் பயனில்லை. இவ்வூர்ப் பூச்சந்தையில் மல்லிகையை நிறுப்பவரின் கையை எல்லாரும் நோக்குவர். எடைக்கல்லைத் தேய்த்தவன் கையை நோக்குவார் யார்? எண்ணும் நாளில் தில்லியில் நடப்பது நிறுத்தல் மட்டுமே. எடைக்கல் செய்யப்படுவது அதற்குப் பல்லாண்டு முன்னர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்.

1976இல், நெருக்கடி நிலையின்போது நிறைவேறிய 42ஆம் திருத்தம், 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையையே 2000ஆம் ஆண்டுக்குப் பின்வரும் கணக்கெடுப்பு வரை அளவாகக் கொள்ளச் செய்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்ற மாநிலங்கள் அதனால் இழப்புறலாகாது என்பதே அதற்குரிய ஏது. பின்னர் 84ஆம் திருத்தம் அக்காப்பை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பின் தொகை வெளியாகும் வரை நீட்டியது. 2027 மார்ச்சு 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு நடுவணரசு 2025 சூனில் அறிவிக்கை வெளியிட்டது.

காப்பு நீங்கினால் நேர்வதென்ன? 2011ஆம் ஆண்டுத் தொகையைக் கொண்டே, சட்டமன்ற இடங்களை மாற்றாமல், ஒரு கணக்குப் போட்டுக் காண்க. தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 176 என்பது 308 ஆகும். உத்தரப் பிரதேசத்தவரின் 208 என்பது 496 ஆகும். தமிழகச் சட்டமன்றத்தின் மொத்த மதிப்பு 41,184 என்பதிலிருந்து 72,072 ஆகும்; உத்தரப் பிரதேசத்தின் 83,824 என்பது 1,99,888 ஆகும். முன்னர் இருமடங்காயிருந்த வேறுபாடு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகும். தமிழ்நாட்டின் எண் கூடியதாகத் தோன்றும், எடையோ குறைந்திருக்கும். நாடாளுமன்ற இடங்களும் மக்கள்தொகையின்படியே திரும்பப் பங்கிடப்படுமாயின், நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அதே இழப்பு இரண்டாம் முறையும் நேரும். தமிழ்நாட்டுத் தாய் ஒருத்தி பெறும் பிள்ளைகளின் சராசரி எண் 1.8 என 2019-21ஆம் ஆண்டுகளின் நாட்டளாவிய நலவாய்வு கூறுகின்றது. பெண்கல்வியாலும் மருத்துவத் தொண்டாலும் ஈட்டிய இச்சிறப்புக்குப் பரிசு, தில்லியில் குரலிழப்பதுவோ?

அமெரிக்க ஒன்றிய நாடுகளிலும் தலைவரைத் தேர்வது ஒரு தேர்வர் குழாமே. அங்கும் குறையில்லாமல் இல்லை. தேர்வர் 538 பேர். வெற்றிக்கு 270 வேண்டும். மாநிலத்துள் ஓர் ஒப்போலை மிகுதியாகப் பெற்றவர்க்கே அம்மாநிலத் தேர்வர் அனைவரும் என்பது மெயின், நெபராசுக்கா நீங்கலாக எங்கும் வழக்கு. 2000ஆம் ஆண்டில் ஆல் கோர் நாடு முழுவதும் ஐந்து இலக்கத்திற்கு மேற்பட்ட ஒப்போலைகள் மிகுதியாகப் பெற்றார். ஆயினும் புளோரிடாவில் சார்சு புசு 537 ஒப்போலைகள் மிகுதியாகப் பெற்றதாக அறிவிக்கப்பட, அம்மாநிலத்தின் 25 தேர்வரும் அவர்க்காயினர். மறு எண்ணிக்கையை அந்நாட்டு உச்சமன்றம் திசம்பர் 12 அன்று நிறுத்திற்று. 271க்கு 266 என முடிந்தது. மக்களின் மிகுதி ஒருபக்கம், பதவி மறுபக்கம் எனும் அக்கேடு 2016இலும் நிகழ்ந்தது. அது பின்பற்றத் தக்கதன்று.

ஆனால் அம்முறையில் தமிழர் கருதத்தக்க ஒரு கூறு உண்டு. ஒவ்வொரு மாநிலத்தின் தேர்வர் எண்ணிக்கையும் அதன் கீழவை இடங்களோடு இரண்டு கூட்டிய தொகை. அவ்விரண்டு, மக்கள்தொகை கருதாது மாநிலம் என்னும் தகைமைக்கே வழங்கப்பெறுவது. மேலவையில் எல்லா மாநிலத்திற்கும் இருவரே என்பதன் விளைவு அது. 2024இல் கலிபோர்னியாவுக்குத் தேர்வர் 54 பேர். மிகச் சிறிய வயோமிங்குக்கும் மூவர். எவரும் 270 பெறாவிடின் கீழவை தேர்ந்தெடுக்கும். அப்போது மாநிலத்திற்கு ஒன்றே ஒப்போலை. 1824ஆம் ஆண்டுத் தேர்தல் அவ்வாறே முடிவாயிற்று. இந்திய ஒன்றியத்திலோ மாநிலங்களவை இடங்களும் மக்கள்தொகையை ஒட்டியே பங்கிடப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிற்கு 18, உத்தரப் பிரதேசத்திற்கு 31. மாநிலம் என்பதற்கென ஒரு துளி எடையும் தேர்வர் குழாத்தில் இல்லை.

'ஆளுக்கு ஒரு மதிப்பு என்பதே குடியாட்சி. பெருந்தொகையினர் பேரெடை பெறுவதில் தவறென்ன?' என வினவுவோர் உளர். வினா மதிக்கத்தக்கதே. உறுப்பினர் ஒருவர் சார்ந்து நிற்கும் மக்களின் எண்ணிக்கையையே இம்மதிப்புக் காட்டுகின்றது என்பதும் உண்மை. மக்களெண்ணை முற்றாகப் புறந்தள்ளுமாறு தமிழர் கேட்கவில்லை. ஆனால் ஒன்றியம் என்பது தலைகளின் திரள் மட்டுமன்று. தனித்தனி மொழியும் நிலமும் வரலாறும் உடைய இனங்கள் கூடி நிற்கும் கூட்டு அது. சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணையும், சட்டமுன்வரைவை மறுக்கும் ஆணையும் தலைகள்மேற் செல்வனவல்ல, மாநிலங்கள்மேற் செல்வன. ஆதலின் அவ்வாணையில் கையொப்பமிடுவோரைத் தேர்வதில் மாநிலத்திற்கும் ஓர் எடை வேண்டும் என்பது நயன்மையே.

எனவே செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, 55ஆம் உறுப்பில் 1971ஆம் ஆண்டு அளவைக் கால எல்லையின்றி நிலைபெறச் செய்தல். மற்றொன்று, ஒப்போலை மதிப்பில் ஒரு பங்கை எல்லா மாநிலங்களுக்கும் சமமாக ஒதுக்குதல். இவற்றிற்கு அரசியலமைப்புச் சட்டத் திருத்தம் வேண்டும். 55ஆம் உறுப்பைத் திருத்த நாடாளுமன்றம் மட்டும் போதாது. மாநிலச் சட்டமன்றங்களுட் பாதிக்குக் குறையாதன ஏற்றல் வேண்டும் என 368ஆம் உறுப்பே கூறுகின்றது. மாநிலங்கள் ஒன்றுபட்டு நின்றால் வழி திறக்கும் என்பதற்கும், ஒன்றுபடாமல் தமிழ்நாடு தனித்து முழங்கினால் திறவாது என்பதற்கும் அவ்வுறுப்பே சான்று. குடும்ப அளவைக் காத்த பிற மாநிலங்களோடு தமிழ்நாடு இன்றே கைகோத்தல் வேண்டும்.

சங்கரன்கோவிலின் தறிக்கூடங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பள்ளி வாயில்களிலும் இக்கணக்கு பேசப்படுதல் வேண்டும். ஒப்போலை கேட்டு வரும் வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் இவ்வொரு வினாவைக் கேளுங்கள்: "176 என்னும் இவ்வூரின் எடையைக் காக்க உம் கட்சி என்ன செய்யும்?" விடையை எழுத்தில் வாங்குங்கள்.

வெல்க தமிழ்! ஓங்குக தமிழ்நாடு!