அன்னையரைச் சபையில் இருத்துவோம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் புதியதன்று. முதுமையடைந்த அன்னையைப் பேணுதல் மக்கட்குக் கடன் என்பதை இச்சபையில் ஒருவரும் மறுக்கப்போவதில்லை. ஆயினும், பேணுதல் என்னும் சொல்லுக்கு நம்மிற் பலர் கொண்டிருக்கும் பொருள் மிகச் சுருங்கியது. வேளைக்கு உணவு, பருவத்துக்கு உடை, நோய்க்கு மருந்து, படுக்க ஒரு கட்டில் ஆகிய இந்நான்கையும் கொடுத்துவிட்டாற் கடமை முடிந்ததென்று மனம் அமைகின்றோம். ஐந்தாவதாக ஒன்று அன்னைக்கு வேண்டும். அது மனிதர் கூட்டம். அதனைப் பெறாத அன்னை, மற்ற நான்கும் நிறைந்த வீட்டிலும் தனித்தவரே ஆவர். இதனைத்தான் இன்று தங்கள் முன் விண்ணப்பித்துக்கொள்ள வந்தோம்.

2011-ஆம் ஆண்டின் ஜனக்கணக்குப்படி நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 10 கோடியே 38 இலட்சம் பேர். இவருள் ஆடவரினும் பெண்டிர் மிகுதி. வாழ்க்கைத் துணையை இழந்தோரிலும் பெண்டிரே மிகப் பலர். ஆகவே, முதியோர் பராமரிப்பு என்று பேசும்பொழுது, தனித்திருக்கும் தாயரையே முதற்கண் நினைத்தல் வேண்டும். முற்காலத்தில் வீட்டின் முன் திண்ணை இருந்தது. மூதாட்டி அங்கு வந்தமர்ந்தால் தெருவே அவரிடம் வந்து பேசிப்போயிற்று. இன்றோ மக்கள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய் எனப் பல திசையாகப் பிரிந்தனர். அடுக்குமாடி வீட்டிலே திண்ணையில்லை. கதவும் எந்நேரமும் தாழிட்டே இருக்கின்றது. தொலைக்காட்சிப் பெட்டி ஓயாது பேசுகின்றது. ஆனால், அது அன்னையின் பேச்சைக் கேட்பதில்லை.

தனிமை மனத்தை மட்டும் வருத்துவதன்று, உடலையும் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இதற்கெனவே ஓர் ஆணையம் அமைத்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துகின்றனர் என்று அதன் அறிக்கை 2025-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மறதி நோயைப் பற்றி ஆராய்ந்து, 'லான்செட்' என்னும் மருத்துவ இதழின் நிபுணர் குழுவினர் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், அந்நோய்க்கு இடந்தரும் காரணங்களுள் திருத்தக் கூடியவை 14 என்று கணித்தனர். செவிப்புலன் குறைதல், கண்பார்வை மங்குதல், உடலசைவின்மை, மனச்சோர்வு, மனிதர் தொடர்பின்மை ஆகியவை அவற்றுள் அடங்கும். அண்டை வீட்டாரோடு அன்னை பேசியிருத்தல் வீண் பொழுதுபோக்கு என்று நினைப்போர் இதனைச் சிந்திக்கக் கடவர்.

இனி, நம் இல்லத்து நடைமுறையைச் சிறிது கூறுவோம். எமது அன்னையார்க்கு வயது 82. காலையில் விழித்ததும் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் அமர்ந்த பின்னரே எழுந்து நிற்பார். முதியோர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து, தலைசுற்றி விழுதல் உண்டு. குனிந்து கோலமிட அவரால் இயலாது. பேத்தி இடுவாள், இவர் நாற்காலியில் இருந்தபடியே புள்ளிக் கணக்குச் சொல்லுவார். பால்காரர் கணக்கும் பூக்காரம்மாள் கணக்கும் அவர் பொறுப்பு. பிற்பகலில் எதிர்வீட்டு மூதாட்டியார் வருவார். பல்லாங்குழிப் பலகை விரியும். ஆட்டத்தினும் பேச்சே அங்கு அதிகம். மாலையில் கைத்தடியூன்றி அம்மன் கோயில் வரை சென்று வருவார். ஐந்து நிமிஷ வழிக்கு அரைமணி ஆகும். வழியில் நாலு பேரிடம் நின்று பேசுவதற்காகவே அவர் செல்வதால், உடன் செல்லும் நாம் அவரை விரைவுபடுத்துவதில்லை. இரவில் வெளியூரிலிருக்கும் தங்கையாருடன் கைப்பேசியில் முகம் பார்த்து உரையாடுவார். சித்திரை வெயிலில் வற்றல், வடகம் இடுங்காலத்தில் உப்பும் உறைப்பும் பதம் பார்ப்பவர் அவரே. அண்டை வீட்டு இளம்பெண்டிரும் மாவுப் பாத்திரத்துடன் அவரிடம் பதம் கேட்க வருவர்.

எல்லா நாளும் இவ்வாறு இனிதே செல்வதில்லை. சில நாள் "எனக்கு அங்கே என்ன வேலை? நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார். முதியோர் இவ்விதம் மறுக்குங்கால் அதனைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. பெரும்பாலும் அம்மறுப்புக்குள் சொல்ல நாணும் ஒரு காரணம் ஒளிந்திருக்கும்.

முதலாவது செவி. முதுமையில் மெல்லிய உயர்ந்த ஒலிகளே முதலிற் கேளாமற் போகும். அதனாற் பேச்சொலி கேட்கும், சொல் விளங்காது. விளங்காத இடத்தில் சிரித்துத் தலையசைத்து, பின்னர் அச்சபைக்கே செல்லாது நின்றுவிடுவர். அவர் முகத்துக்கு நேராக இருந்து, நிதானமாகப் பேசினாற் போதும். உரத்துக் கூவுதல் பயனில்லை. செவிக்கருவி வாங்கினால் நாளுக்குச் சிறிது நேரமாகப் பழக்க வேண்டும். முதல் வாரத்திலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாகாது. இரண்டாவது கண். படிக்கட்டு தெரியாதவர் வெளியே வர அஞ்சுவர். கண்புரையோ சிகிச்சையால் நீங்கக்கூடியது. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழை எளியோர் எண்ணற்றவர்க்கு இச்சிகிச்சை செய்து ஒளி தந்துள்ளது. மூன்றாவது, நாம் வாய்விட்டுப் பேசத் தயங்குவது: சிறுநீர் அடக்க இயலாமை. செல்லுமிடத்தில் கழிப்பறை எங்கேயோ என்னும் அச்சத்தால், விசேஷத்துக்குப் புறப்படுமுன் தண்ணீரே அருந்தாத தாய்மார் பலர். இதற்கும் வைத்தியம் உண்டு. மகனிடம் சொல்ல நாணினால் மகளேனும் மருமகளேனும் பரிவுடன் கேட்டறிந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

மற்றொன்று. அன்னையைப் பேணும் சுமை முழுவதும் ஒரு மருமகளின் தலையில் ஏறுதல் நியாயமன்று. மகன் 'என் தாயை நான் காக்கின்றேன்' என்று சபையிற் சொல்ல, கஞ்சி காய்ச்சுவதும், கால் பிடிப்பதும், இரவில் விழித்திருப்பதும் வேறொருத்தியாய் இருத்தல் அழகாகுமோ? மகன்மார் தம் கையால் மருந்து கொடுக்கட்டும். கோயிலுக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லட்டும். வெளியூரிலிருக்கும் உடன்பிறந்தார் பணம் அனுப்புவதோடு நில்லாமல், ஆண்டிற் சில வாரமேனும் வந்திருந்து, பேணுவோர்க்கு ஓய்வளித்தல் வேண்டும்.

சட்டமும் இவ்விஷயத்தில் உறங்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பேணாத மக்களிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறத் தீர்ப்பாயத்தை நாடுதற்கு அது வழிசெய்தது; முதியோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதித்தது. ஆயினும் சட்டம் சோறு வாங்கித் தரும். பேச்சுத்துணை வாங்கித் தருமோ? அதனைக் குடும்பமும் குலமுமே தரவேண்டும்.

இங்கு மனத்தை உறுத்தும் ஒரு செய்தியைச் சொல்லாது விடுதற்கில்லை. நாம் ஒவ்வொருவரும் கல்யாண வீடுகளிற் கண்டிருக்கின்றோம். பத்து மாதம் சுமந்து பெற்று, கணவனை இழந்த பின்னரும் தனியே உழைத்துப் படிக்கவைத்த அன்னை, அம்மகனின் முகூர்த்த வேளையிலே தூண் மறைவில் நிற்கின்றார். ஆரத்தி எடுக்க அவரை அழைப்பாரில்லை. மங்கலப் பொருளைத் தொட அவரை விடுவாரில்லை. அவர் தாமாகவே ஒதுங்குகின்றார் என்பர் சிலர். ஒருவரும் அழையாத இடத்தில் முன்வந்து நிற்பார் யார்? பெற்றவளின் வாழ்த்தினும் பெரிய மங்கலம் வேறு யாது? ஆண்டு முழுவதும் அன்னையை அன்புடன் பேணி, ஊரெல்லாம் கூடும் அந்த ஒரு நாளில் அவரை மறைவில் நிறுத்துவோமாயின், செய்த பணிவிடையெல்லாம் பாழாகும். இவ்வழக்கம் தொன்றுதொட்டு வந்தது என்பது அதனைத் தொடர்வதற்குப் போதிய காரணமாகாது. நமது முன்னோர் கைக்கொண்டிருந்த எத்தனையோ வழக்கங்களைக் காலத்துக்கேற்ப நாமே கைவிட்டிருக்கின்றோம்.

ஆகையால் மூன்று பிரேரணைகளைச் சபையார் முன் வைக்கின்றோம். முதலாவது, நமது சங்க மண்டபத்தின் கீழ்த்தளத்தில் முதியோர் அமர்ந்தெழ வசதியான கழிப்பறையும், படியருகே கைப்பிடியும், முன்வரிசையிற் சாய்வு நாற்காலிகளும் அமைத்தல். இரண்டாவது, மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முதிய தாய்மார்க்கென ஒரு கூட்டம் கூட்டி, வரவியலாதாரை இளைஞர்கள் வாகனத்தில் அழைத்துவருதல். அங்கு அவர்கள் சொல்லும் குடும்ப வரலாறு, தாலாட்டு, கைவைத்தியம், பலகாரப் பக்குவம் ஆகியவற்றை நம் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்; இப்பத்திரிகையிலும் வெளிவரட்டும். மூன்றாவது, அங்கத்தினர் இல்லத்து விசேஷங்களில், கணவரை இழந்த தாயரும் அழைப்பிதழிற் பெயரும் மணவறையில் முதலிடமும் பெறுதல். முதலிரண்டுக்கும் பொருள் வேண்டும். மூன்றாவதற்குத் துணிவு ஒன்றே போதும். வரும் தை மாதத்து முகூர்த்தங்களிலேயே அதனைத் தொடங்கலாம்.

வீட்டுக்குத் திரும்பியதும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் அன்னையாரிடம், "அம்மா, யாரைப் பார்க்க உங்களுக்கு ஆசை?" என்று கேட்டறிந்து, ஒரு வாரத்துக்குள் அவ்விடம் அழைத்துச் செல்லவேண்டும் என்று வேண்டிக்கொள்கின்றோம்.