கடலோரத்தில் ஓய்வுக்கால வீடா? வரியை மட்டும் பார்க்காதீங்க!

(ஓய்வுபெறப் போகிறவர்களுக்கான விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



பணி ஓய்வு நெருங்கும்போது பலருக்கும் ஓர் ஆசை வரும். கடலோரமா ஒரு சின்ன ஊர், கையைக் கடிக்காத விலையில் வீடு, கம்மியான வரி. நல்ல ஆசைதான். ஆனா ஓய்வுக்காலப் பணம் ஒரு தடவைதான் கைக்கு வரும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி சில விஷயங்களைப் பார்த்துடுங்க. பாதி வேலையை உங்க போனிலேயே முடிக்கலாம்.

முதலில் வரி. வருமான வரி மத்திய அரசின் வரி. சென்னையில் இருந்தாலும் வேதாரண்யத்தில் இருந்தாலும் அது ஒண்ணுதான். 2025-26 நிதியாண்டு முதல், ஓய்வூதியம் மட்டுமே வருமானம் என்றால், புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. பத்திரச் செலவும் மாநிலம் முழுக்க ஒரே விகிதம்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 1.80 லட்சம். இதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.

அப்போ ஊருக்கு ஊர் மாறுவது எது? சொத்து வரி. ஊராட்சியில் வீட்டு வரி பொதுவாகக் குறைவு, நகராட்சியில் கூடுதல். வருஷத்துக்கு 2,000 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்க டவுனுக்கு வாடகைக் கார் பிடித்தாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். நகர்ப்புறத்தில் சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் உண்டு.

இரண்டாவது, கடல். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப் பகுதியில் முதல் 200 மீட்டர், புதுக் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி. "சார், வாசல்லயே கடல்" என்று யாராவது மலிவாக மனை காட்டினால், முதலில் கேட்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

மூன்றாவது, பத்திரம். பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பதிவான ஆவணம் மட்டுமே அதில் தெரியும். பதிவு செய்யாத ஒப்பந்தமோ வாய்மொழிப் பாகப் பிரச்சினையோ தெரியாது. அதனால் வக்கீலிடமும் காட்டணும். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கு, 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கா என்று பாருங்க. மனைப்பிரிவு என்றால் டி.டி.சி.பி. அங்கீகாரம், ரெரா பதிவு எண் இரண்டையும் கேளுங்க.

நான்காவது, உடம்பு. இன்றைக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிற நீங்க, பத்து வருஷம் கழித்து எப்படி இருப்பீங்க? நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கு. நீங்க பார்க்கும் ஊரிலிருந்து அங்கே போக ராத்திரியில் எவ்வளவு நேரம் ஆகும்? உங்க மருத்துவக் காப்பீட்டை ஏற்கிற மருத்துவமனை பக்கத்தில் இருக்கா? உயிர்வாழ் சான்றை 'ஜீவன் பிரமாண்' மூலம் முகத்தைக் காட்டி போனிலேயே கொடுக்கலாம். ஆனா சிகிச்சையை போனில் வாங்க முடியாதே!

கடைசியாக ஒண்ணு. 2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் பார்த்த கடற்கரை இது. 'டிஎன்-அலர்ட்' செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்க. வாங்குவதற்கு முன் அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பாருங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்குது, சித்திரை வெயிலில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்குதா, உப்புக் காத்தில் கிரில் எப்படித் துருப்பிடிக்குது, எல்லாம் தெரிஞ்சிடும்.

ஆறு மாத வாடகை வீண் செலவு என்று நினைக்காதீங்க. முப்பது வருஷ உழைப்பின் பணத்தைக் காப்பாற்றுகிற செலவு அது.