அலைவாய் விழாவிற்கு ஓர் ஆற்றுப்படை



பத்துப்பாட்டு என்னும் தொகையுள் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து உள்ளன. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொருவனைக் கண்டு, அவ்வள்ளல் இருக்கும் இடத்தையும் அங்குச் செல்லும் வழியையும் பெறக்கூடிய பரிசிலையும் எடுத்துரைத்து நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை. வழியில் எங்கே உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பனவற்றை அந்நூல்கள் விரிவாகக் கூறும். மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே சென்று, கால் வழுக்கும் இடங்களையும், விலங்குகளுக்கு வைத்த பொறிகளையும் சுட்டி எச்சரிக்கிறது. பரிசிலைப் புகழ்ந்துவிட்டு வழியை மறைத்தல் பழந்தமிழர் மரபன்று.

அவ்வைந்தனுள் நான்கு நூல்கள் வழிகேட்டுச் செல்வோரின் பெயரால் வழங்க, திருமுருகாற்றுப்படை ஒன்று மட்டும் சென்று சேரும் பெருமானின் பெயரால் வழங்குகிறது. நக்கீரர் அதில் பாடிய ஆறு தலங்களுள் இரண்டாவது திருச்சீரலைவாய். இன்று திருச்செந்தூர் எனப்படும் கடற்கரைத் திருத்தலம் அதுவே. சிலப்பதிகாரமும் செந்திலைக் குறிப்பிடுகின்றது. புறநானூற்றுப் புலவர் மருதன் இளநாகனார், பாண்டிய மன்னனை வாழ்த்துங்கால் செந்தில் கடற்றுறையின் மணலினும் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்தினார். அத்துணைப் பழைமையுடைய துறைக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான அடியார் விழாக்காண வருகின்றனர். அவர்கள் வரவு இனிதாக அமைதற்கு ஓர் ஆற்றுப்படை இன்றும் வேண்டப்படுகின்றது.

முதலில் ஆராய வேண்டுவது, எந்த விழாவிற்குச் செல்வது என்பது. செந்திலில் ஆண்டுப் பெருவிழாக்கள் ஆவணியிலும் மாசியிலும் பன்னிரண்டு நாள்கள் நடைபெறுகின்றன. வைகாசியில் வசந்த விழா பத்து நாள்கள் நிகழ்ந்து விசாகத்தன்று நிறைவெய்தும். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்தசஷ்டி தொடங்கும். தைப்பூசத்தையொட்டிப் பச்சை ஆடை உடுத்துப் பாதயாத்திரையாக வருவோர் பலர். பங்குனி உத்திரத்தில் வள்ளி திருக்கல்யாணம் நிகழும். ஒரே பெருமானுக்குரிய விழாக்களேயாயினும் ஒவ்வொன்றின் கருத்தும் வேறு, திரளும் வேறு, செல்வோர் உடலும் உள்ளமும் தாங்கக்கூடிய அளவும் வேறு.

ஆவணி, மாசி விழாக்களில் ஏழாம், எட்டாம் நாள்கள் தனிச்சிறப்பு வாய்ந்தவை. ஏழாம் நாள் சண்முகர் உருகு சட்ட சேவையில் எழுந்தருளி, மாலையில் செம்பட்டும் செம்மலரும் அணிந்து சிவப்பு சாத்தி வலம் வருவார். எட்டாம் நாள் காலையில் வெள்ளை சாத்தியும், நண்பகலில் பச்சை சாத்தியும் நடைபெறும். செம்மை சிவபெருமானையும், வெண்மை நான்முகனையும், பசுமை திருமாலையும் குறிப்பன என்பர். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று தொழிலும் ஒருவனிடத்தே அடங்கும் என்பதை நூல் பயிலாதவரும் கண்ணாலேயே உணருமாறு அமைந்த ஏற்பாடு இது. பத்தாம் நாள் தேரோட்டம்.

இச்சண்முகர் திருமேனிக்குக் கடலோடு தொடர்புடைய வரலாறு ஒன்றுண்டு. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இக்கோயிலைக் கைப்பற்றித் திருமேனிகளைக் கப்பலில் கொண்டு சென்றபோது புயல் எழுந்தது. அஞ்சிய அவர்கள் அவற்றைக் கடலில் இட்டனர். வடமலையப்ப பிள்ளை கனவில் உணர்த்தப்பெற்று, 1653ஆம் ஆண்டு அவற்றை மீட்டெடுத்து மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்பது கோயில் மரபு. பச்சை சாத்தி வலம் வரும் பெருமானைக் காண்போர் இதனை நினைவிற்கொண்டு காண்பாராயின், அக்காட்சி அழகோடு நில்லாது நெஞ்சில் நன்றியாகவும் ஊறும்.

முதியோரையும் குழந்தைகளையும் உடன்கொண்டு செல்ல எண்ணுவோர்க்கு இவ்விரு விழாக்களும் ஏற்றவை. பன்னிரண்டு நாள்களில் தமக்கு வாய்ப்பான நாளைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு நாழிகை தவறினும் மறுநாள் வேறொரு வாகனக் காட்சி உண்டு. கந்தசஷ்டியின் ஆறாம் நாளோ அத்தகையதன்று. அன்றைய சூரசம்ஹாரம் ஒரு மாலைப்பொழுதிற்குள் நிறைவுறும். அதனைக் காணத் திரளும் கூட்டமோ கடற்கரையின் மணலை மறைக்கும்.

சஷ்டிக்குச் செல்வோர் நாளைத் திருத்தமாக அறிதல் வேண்டும். இவ்விழா திதியைக் கொண்டு கணிக்கப்படுவதாகலின் ஆங்கில நாள் ஆண்டுதோறும் மாறும். சூரசம்ஹாரம் 2023ஆம் ஆண்டில் நவம்பர் 18ஆம் நாளிலும், 2024இல் நவம்பர் 7ஆம் நாளிலும், 2025இல் அக்டோபர் 27ஆம் நாளிலும் நிகழ்ந்தது. சென்ற ஆண்டின் நாளை நினைவிற்கொண்டு பயணச்சீட்டு வாங்குவோர் ஏமாற்றமடைவர். பஞ்சாங்கத்தையும் திருக்கோயில் அறிவிப்பையும் ஒத்துப் பார்த்த பின்னரே முன்பதிவு செய்தல் நலம். இரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் அறுபது நாள்களாகக் குறைக்கப்பட்டமையின், ஆடியிலேயே சீட்டு வாங்கிவிடலாம் என்ற பழைய வழக்கம் இனி உதவாது.

திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவிலும், தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலும் திருச்செந்தூர் உள்ளது. சென்னை எழும்பூரிலிருந்து செந்தூர் விரைவு இரயில் உண்டு. திருநெல்வேலியிலிருந்து இரயிலில் வருவோர் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களைக் கடந்தே வருவர். நம்மாழ்வார் அவதரித்த மண்ணை வணங்கிப் பின் செந்திலாண்டவனை அடைதல் பெரும்பேறு. ஆயின், சூரசம்ஹார நாளில் அத்தலங்களையும் ஒருங்கே காண முயலுதல் கூடாது. ஒரு நாளில் பல கோயில் என்று எண்ணிக்கை பெருக்குவோர் எதனையும் நின்று வணங்கார். விழா முடிந்த பின் ஒருநாளை அதற்கென ஒதுக்குதலே முறை.

சஷ்டி விரதத்தைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். ஆறு நாளும் நீர் மட்டும் பருகுவோர் உளர். பாலும் பழமும் கொள்வோர் உளர். ஒருவேளை மட்டும் உண்போரும் உளர். கோயில் வளாகத்திலேயே தங்கி நோன்பு நோற்கும் அடியார் பல்லாயிரவர். நோன்பின் உயிர் அடக்கமேயன்றிப் பட்டினியன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோயுடையோர் மருத்துவரை வினவாமல் உணவையும் மருந்தையும் விட்டு, ஐப்பசி வெயிலில் கடற்கரையில் நின்று மயங்கி வீழ்வாராயின், அது முருகனுக்கு உவப்பான நோன்பாகாது. உடன் வந்தோர்க்குத் துன்பமேயாகும். ஒருவேளை உணவு கொண்டு, மருந்தையும் உரிய காலத்தில் உண்டு, சினத்தையும் கடுஞ்சொல்லையும் ஆறு நாள் விலக்குபவரது நோன்பு எவ்வகையிலும் குறைந்ததன்று.

நீராடும் முறை யாதெனின், முதலில் கடலிலும், பின்னர் நாழிக்கிணற்றிலும் நீராடி, அதன்பின் பெருமானை வணங்குதல். போர் முடிந்து தாகமுற்ற படைவீரர்க்காக முருகப்பெருமான் வேலால் உண்டாக்கிய ஊற்று நாழிக்கிணறு என்பது தலவரலாறு. உவர்க்கடலின் அருகே நன்னீர் சுரக்கும் அவ்விடம் சிறிது. படிகளில் இறங்கிச் செல்ல வேண்டுவது. ஆதலின் அங்கே நெருக்காமல் முறைவைத்து இறங்குதல் வேண்டும். கடலிலோ இன்னும் விழிப்பு வேண்டும். கடலரிப்பால் கரைமணல் குறைந்து, நீருக்கடியில் பாறைகள் வெளிப்படுதல் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் உள்வாங்குதலும் பெருகுதலும் உண்டு. முழங்கால் அளவு நீரில் அமர்ந்து மூழ்கினும் தீர்த்தப் பயன் குறையாது. சிறுவரைக் கைவிடாது பற்றிக்கொள்க. உடுத்த ஆடையைக் கடலில் விட்டு வருதல் புண்ணியம் என்று சிலர் கருதுகின்றனர். அது தீர்த்தத்தை மாசுபடுத்துவதன்றிப் பிறிதொன்றும் தருவதில்லை.

உடன் வரும் முதியோர், சிறுவர் சட்டைப்பையில் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதிய சீட்டை வைத்தல் வேண்டும். பிரிய நேர்ந்தால் கூடும் இடத்தை முன்னரே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கடற்கரை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே ஒன்பது நிலை மேலைக்கோபுரத்தைப் போன்று எங்கிருந்தும் தெரியும் அடையாளத்தைக் கொள்க. செல்பேசியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. பெருந்திரளில் அது பயன்படாமற் போதலும் உண்டு.

இனி, இவ்வளவு முன்னேற்பாடும் எதனைக் காண்பதற்கு என்பதைச் சிந்திக்க வேண்டும். ஆறாம் நாள் மாலை ஜெயந்திநாதர் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். யானைமுகன் எதிர்த்து வருகின்றான், வீழ்கின்றான். சிங்கமுகன் வருகின்றான், வீழ்கின்றான். சூரபத்மன் தன் முகத்தோடு வந்து, இறுதியில் மாமரமாக நிற்கின்றான். வேல் அம்மரத்தைப் பிளக்கின்றது. ஒரு கூறு மயிலாகின்றது, மற்றொன்று சேவலாகின்றது. மயிலைப் பெருமான் ஊர்தியாகக் கொண்டார். சேவலைக் கொடியாகக் கொண்டார். தேவரைச் சிறையிலிட்டவனைக் கொன்றொழிக்காமல் தம் அருகிலேயே என்றும் இருக்க இடந்தந்தார். பகைவனுக்கும் இடமளித்த பெருமானின் கருணையே அம்மாலையின் உட்பொருள்.

அங்ஙனமாயின், அதனைக் காணும் அவாவினால் முன்னே நிற்கும் மூதாட்டியைத் தோளால் தள்ளி முன்னேறும் ஒருவர் எதனைக் கண்டவராவார்? சூரனின் தலை வீழ்ந்ததைக் கண்ணால் கண்டிருக்கலாம். அவன் செருக்கு தம் தோளில் வந்து அமர்ந்ததை அவர் காணவில்லை. கூட்டத்தின் ஓரத்தில், வேல் படும் கணத்தைக் காணவியலாமல், அரோகரா என்னும் ஒலியை மட்டும் கேட்டு, தளர்ந்தவர் ஒருவருக்குத் தண்ணீர் தந்து நிற்பவர் காட்சியை இழந்தவரல்லர். விழாவின் பொருள் அவரிடத்தே நிறைவேறிவிட்டது.

போர் முடிந்த அவ்விரவு கோயிலினுள் சாயாபிஷேகம் நடைபெறும். பெருமானுக்கு எதிரே கண்ணாடியை வைத்து, அதில் தோன்றும் திருவுருவிற்கு நீராட்டுச் செய்வர். போரின் வெம்மை தணிவதற்காக இது செய்யப்படுகின்றது என்பர். சூரசம்ஹாரம் முடிந்ததும் பேருந்து நிலையத்தை நோக்கி ஓடுவோர் பெரும்பாலும் இதனை அறியார். அன்றிரவு தங்க இடம் பெற்றோர் சற்றுப் பொறுத்திருந்து இதனை உணர்ந்து செல்லுதல் நன்று. மறுநாள் தெய்வானையம்மையின் தவக்கோலமும், மாலையில் மாலைமாற்றும், இரவில் திருக்கல்யாணமும் நிகழும். போர் முடிந்தவுடன் திரும்பாது மணமும் கண்டு திரும்புவோர்க்கே சஷ்டி முழுமையாகும். கூட்டம் ஒருசேரக் கலையும் வேளையின் நெரிசலும் அவர்க்கு இல்லை. ஆகவே பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்வது உள்ளத்திற்கும் உடலுக்கும் ஒருங்கே நன்மை தருவது.

விழாக்காலத்தில் செல்ல இயலாதவர் வருந்த வேண்டுவதில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் குடமுழுக்குக் கண்ட அத்திருக்கோயிலில், எந்நாளும் கிழக்கே கடலை நோக்கி நின்று அருள்பாலிக்கும் பெருமான் ஒருவரே. விழா என்பது அவர் வெளியே வந்து அடியாரைக் காணும் நாள். ஏனைய நாளெல்லாம் அடியார் உள்ளே சென்று அவரைக் காணும் நாள்கள். எந்நாளிற் சென்றாலும் பன்னீர் இலையில் வைத்துத் தரும் திருநீற்றைப் பணிவுடன் பெற்று, வீட்டில் தங்கிவிட்ட முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அதனைக் கொண்டு சேர்ப்பித்தல் வேண்டும்.

பரிசில் பெற்றவர் அதனைப் பெறாதவர்க்கு வழிகாட்டுதல் ஆற்றுப்படையின் அறம் என்று முதலிற் கூறப்பட்டது. செந்தில் சென்று மீண்ட ஒவ்வொருவரும், இனிச் செல்லவிருக்கும் அயலாரிடம் இன்ன நாளில் செல்க, இவ்விடத்தில் காலை ஊன்றி நடக்க, இம்முதியவரை உடன் அழைத்துச் செல்க என்று எடுத்துரைப்பாராயின், நக்கீரர் தொடங்கிவைத்த பணி இன்றளவும் நடைபெறுகின்றது என்றே கொள்ளலாம். செந்திலாண்டவன் திருவருள் அனைவர்க்கும் துணைநிற்பதாகுக.